தலைக்கு மேலே நான்கு மூட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை ரேஸில் உன் கார் ஓடாது. நான்தான் அறுத்தேன். எவனோ பொறாமைக்காரன் செய்த வேலை என்று யாரையும் சந்தேகப்பட வேண்டாம். நேற்று மதியம், நீ ஒரகடத்தில் வேலையில் இருந்தபோது, உன் அப்பன் கிரைண்டரில் புது வீல் மாட்டி, நீ உட்காரும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் பைப்பை இரண்டு இடத்தில் அறுத்துத் துண்டாக வெளியே எடுத்துவிட்டான். இந்தக் கடிதத்தை 'அன்புள்ள மகனுக்கு' என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு அதை அடித்துவிட்டேன். அன்பு இருக்கிறது, அது எங்கேயும் ஓடிப்போகாது. ஆனால் இப்போது எனக்கு இருக்கிற கோபத்தில் அந்த வார்த்தையை எழுதினால் பொய்யாகத் தெரிகிறது.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் நிமிஷம் நீ கத்துவாய், இரண்டாவது நிமிஷம் நான் கத்துவேன், மூன்றாவது நிமிஷம் உன் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அழுவாள். சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால் காலையிலேயே கடையைத் திறந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உனக்கு நிச்சயம் செய்திருக்கிற ஷீலாவிடம் கொடுத்து, போட்டோ எடுத்து உனக்கும் அனுப்பி, உங்கள் கார் குரூப்பிலும் போடச் சொல்லப் போகிறேன். உன் மானத்தை வாங்குவதற்காக இல்லை. அந்தக் காரில் நீ மட்டும் உட்காருவதில்லை. கார்த்தியும் ஓட்டுகிறான், அவன் தம்பியும் ஓட்டுகிறான். அவர்கள் தலைக்கு மேலேயும் அதே பைப்தான். ஆகவே அவர்களும் படிக்கட்டும். படித்தால் யாருடைய மானம் போகிறது என்பது கொஞ்சம் கீழே தெரியும்.

முதலில் உன் மேல் இருக்கும் கோபத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்தச் சிவப்புக் காரை நீ நம் அனகாபுத்தூர் சந்துக்குள் கொண்டுவந்த நாளில், தெருவே வெளியே வந்து நின்றது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு படுத்துக் கிடக்கிற உடம்பு. முனையில் இருக்கும் வேகத்தடையில் வயிறு உரசி நின்றபோது நானும் நாலு பேரும் சேர்ந்து தூக்கிவிட்டோம். உன் அம்மாவை அதில் உட்கார வைத்து, ஏசி போட்டு, தாம்பரம் வரைக்கும் ஒரு சுற்று கூட்டிப்போனாய். திரும்பி வந்தவள் இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள். சரியாக அடுத்த வாரம் அந்த ஏசியைக் கழற்றி என் கடை மூலையில் போட்டாய். பிறகு பாட்டுப் பெட்டி, தரைவிரிப்பு, கதவின் உள்பக்க அட்டை எல்லாம் போயின. கதவின் கைப்பிடி போய் அந்த இடத்தில் ஒரு நாடா தொங்கியது. பின்கண்ணாடி போய் பிளாஸ்டிக் ஷீட் வந்தது. "நல்லா கீற வண்டிய இன்னாத்துக்குடா இப்டி பிரிச்சிப் போட்டுக்கினு கீற?" என்று உன் அம்மா கேட்டாள். "வெயிட்மா, எல்லாம் வெயிட்" என்றாய். நீ கழற்றிப் போட்ட பக்கத்து சீட்டில்தான் அவள் இப்போது உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். முதுகுக்கு இதமாக இருக்கிறதாம்.

தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட்டை எடுக்க, எங்கிருந்தோ புகை விடும் ஐஸ் ஒரு பெட்டி வாங்கிவந்து பரப்பினாய். அரை மணி கழித்துச் சுத்தியால் தட்டினால் தார் அப்பளம் மாதிரி உடைந்து வந்தது. முப்பது வருஷம் இரும்போடு கிடக்கிற எனக்கே அது புதுசு. நான் குனிந்து குனிந்து வாளியில் அள்ளினேன். இரண்டு வாளி தார். அதையெல்லாம் முடித்துக்கொண்டு படப்பை எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோனோம், ஞாபகம் இருக்கிறதா? முன்னால் எம்-சாண்ட் லாரி, பின்னால் ஜல்லி லாரி, நடுவில் நம் குட்டிக் கார். மேடைக்காரர் எடைச்சீட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார், போன தபா வந்தப்போ ஆயிரத்து நூத்தி எண்பது. இப்ப தொள்ளாயிரத்து அறுபது. பாதி வண்டிய எங்க வுட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார். நீயும் நானும் அங்கேயே நின்று சிரித்தோம். அந்த எடைச்சீட்டை நான்தான் வீட்டில் பைபிள் வசனக் காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது மறைத்துவிட்டு உன்னை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை.

இந்தப் பெருமைதான் ஆரம்பத்திலிருந்தே தப்பு. உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, சைக்கிள் வேகமாகப் போக வேண்டும் என்று மட்கார்டைக் கழற்றினாய், கேரியரைக் கழற்றினாய், பெல், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றினாய். கடைசியில் பின்பிரேக்கும் வெயிட்தான் என்று அதையும் கழற்றினாய். ஆற்றுப் பாலத்து இறக்கத்தில் போய் இளநீர் வண்டியில் மோதி, முழங்காலில் ஏழு தையலோடு வந்தாய். உன் அம்மா உன்னை நாலு சாத்து சாத்தினாள். அப்பன் என்ன செய்தான்? டீக்கடையில் நின்று, "எம் புள்ள சைக்கிளு எடைய பாதியாக்கிட்டான்பா, எவன் கிட்டயும் கத்துக்கல" என்று ஊரெல்லாம் சொன்னான். பிரேக்கைக் கழற்றியவனைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவே இல்லை. அன்றைக்கு நான் ஒரு அறை வைத்திருந்தால் போன சனிக்கிழமை நீ அந்த வேலையைச் செய்திருக்க மாட்டாய் என்று நேற்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை நடந்ததை உன் நண்பர்கள் பார்த்தார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். நான் குன்றத்தூரில் ஒரு கேட்டுக்கு அளவெடுத்துவிட்டு வருகிறேன். கடை வாசலில் கார் நிற்கிறது. உள்ளே நீ டிரில்லிங் மெஷினை வைத்துக்கொண்டு கூண்டின் குறுக்கு பைப்பில் வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறாய். கார் கவிழ்ந்தால் கூரை உன் தலையில் இறங்காமல் தாங்குவதற்காக வைத்த கூண்டு அது. வண்டியில் நீ புதிதாகச் சேர்த்த ஒரே பாரம் அதுதான், அதற்கும் காரணம் உயிர். அதிலே ஓட்டை.

"இன்னாடா பண்ணி வச்சிக்கீற?" என்று கேட்டேன்.

"வெயிட் குறைக்கிறேன்பா. மொத்தமா ரெண்டு கிலோ குறையும்."

"பைப்புல இத்தினி ஓட்ட போட்டா அது பைப்பாடா? நாயனம்டா அது. எவன்டா உனக்கு இத சொல்லிக் குடுத்தது?"

பசங்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது உன்னைப் பார்த்து. அது உனக்குப் பொறுக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, மெதுவாக, ஆபீசில் பேசுகிற மாதிரிச் சொன்னாய்: "அப்பா, இது கேட் இல்ல. ரேஸ் கார். நீங்க கேட் வெல்டர். உங்களுக்கு இது புரியாது. விடுங்க ப்ளீஸ்."

நான் திரும்பி நடந்துவிட்டேன். டீ சொல்லிவிட்டு, குடிக்காமல் வைத்துவிட்டு, பாலம் வரைக்கும் போய் நின்றேன். உன்னைப் படிக்க வைத்தது அந்தக் கேட். உன் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்தக் கேட். பல்லாவரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் எந்தத் தெருவில் போனாலும் நான் செய்த கேட் ஒன்றாவது திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்க வேண்டும் என்று நாலு நாள் மனசுக்குள்ளேயே வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மா "ஒரே பேஜாரா கீது உங்க ரெண்டு பேரோட" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அவ்வளவு கோபம் ஏன் வந்தது என்று இப்போது சொல்கிறேன். நீ சொன்னது உண்மை என்பதால் வந்தது.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உனக்குத் தெரியாது, நீ கடையில் நின்று கற்றுக்கொள்ளவில்லை, நானும் நிற்க விடவில்லை. கேட்டோ கிரில்லோ செய்தால் தெருவைப் பார்க்கிற பக்கம் முழுக்கப் பற்றவைப்போம், தேய்ப்போம், வழவழவென்று செய்வோம். சுவரைப் பார்க்கிற பக்கம் வெல்டிங்கில் இரண்டு புள்ளி மட்டும் வைப்போம். அவ்வளவுதான். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள், கையும் போகாது. மீதி இடைவெளியைப் பட்டி போட்டு அடைத்து, தேய்த்து, பிரைமர் அடித்துவிட்டால் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. 'சுவர்ப் பக்கம்' என்றால் எந்தப் பட்டறையிலும் அர்த்தம் ஒன்றுதான். இதை நான் தப்பு என்று நினைத்ததே இல்லை. முதல் நாள் வெல்டிங் ராடு பிடித்ததிலிருந்து கை அப்படித்தான் போகிறது.

உன் கூண்டுக்கு நீ வரைபடம் கொடுத்தாய். ஒவ்வொரு மூட்டிலும் சிவப்புப் பேனாவால் 'முழுச் சுற்று' என்று எழுதியிருந்தாய். பைப்பும் நீ சொன்ன பைப்தான், தடிமனும் நீ சொன்னதுதான், அதிலெல்லாம் நான் கை வைக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வளைவு, அதிலிருந்து முன்கண்ணாடி வரைக்கும் ஓடுகிற இரண்டு பைப், ஆக உன் தலைக்கு மேலே நான்கு மூட்டுகள். அந்த நான்குக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்தான் இருந்தது. வெல்டிங் டார்ச் போகாது. முறைப்படி செய்ய வேண்டுமானால் காரின் தரையில் ஓட்டை வெட்டி, கூண்டை அப்படியே ஒரு அடி கீழே இறக்கி, மேல்பக்கத்தைப் பற்றவைத்துவிட்டு, மறுபடி தூக்கி, ஓட்டையை மூடுகிற தகட்டின் மேல் நிறுத்த வேண்டும். எனக்கு அது தெரியாது என்று சொல்ல மாட்டேன். அன்று காலையிலேயே யோசித்தேன். இரண்டு நாள் வேலை. நீ திங்கட்கிழமை பெயின்ட் என்று சொல்லியிருந்தாய். எனக்குத் தோள் வலி. அப்புறம் கூரையைப் பார்த்தேன், பைப்பைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் என்று கை தானாக முடிவு செய்துவிட்டது. மூன்று பக்கம் நன்றாகப் பற்றவைத்தேன். மேல்பக்கம் பட்டி போட்டேன். தேய்த்தேன். வெள்ளை அடித்தேன். நீ வந்து தடவிப் பார்த்துவிட்டு, "சூப்பர்பா, ஃபேக்டரியிலருந்து வந்த மாதிரி இருக்கு" என்று சொன்னாய். நான் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தேன்.

அது முடிந்து ஒரு மாதம் கழித்து உன் நிச்சயதார்த்தம். அடுத்த நாள் ஷீலா வீட்டுக்கு வந்தவள், நீ உள்ளே இருந்தபோது, கடைக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். "மாமா, இந்தக் கூண்டு நல்லா தாங்குமா? நீங்க சொன்னா நான் பயப்பட மாட்டேன்" என்று கேட்டாள். நான் பைப்பை ஓங்கித் தட்டி, "யானை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆவாதும்மா" என்று சொன்னேன். அந்தப் பெண் நிம்மதியாகப் போனாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு ரேஸ், அதோடு சரி என்று நீ அவளிடம் கேட்டு வாங்கிய சம்மதம் என் யானை மேல் நிற்கிறது. அதை நினைத்தால் எனக்கு என் கையை வெட்டிப்போட்டால் என்ன என்று வருகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன் அம்மாவுக்கும் இது தெரியாது. கோவிலம்பாக்கம் ஆசீர் சாரை உனக்குத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நமக்கு கேக் கொடுத்தனுப்புகிறவர், ஒரு காலைச் சாய்த்து நடக்கிறவர். அவர் கால் எப்படி அப்படி ஆனது என்று நீ சின்ன வயதில் என்னைக் கேட்டிருக்கிறாய். மாடியிலிருந்து விழுந்துவிட்டார் என்று சொன்னேன். அது பாதிதான். அவர் வீட்டு முதல் மாடி பால்கனி கிரில் நான் செய்தது. கிரில்லைச் சுவரோடு பிடிக்கிற இரும்புக் கொக்கி சுவருக்குள் புதைந்து போகிற சமாச்சாரம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று இரண்டு புள்ளி வைத்துவிட்டு வந்தேன். ஒரு டிசம்பர் மாதம் அவர் ஸ்டார் கட்டுவதற்காக அந்தக் கிரில்லில் சாய்ந்து வெளியே எட்டியிருக்கிறார். கிரில்லோடு கீழே போய்விட்டார். இடுப்பெலும்பு உடைந்தது.

நான் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு இல்லை, முதலில் வீட்டுக்குப் போனேன். சுவர் அப்படியே இருந்தது. கொக்கி சுவருக்குள் உறுதியாக இருந்தது, நுனியில் என் இரண்டு புள்ளி மட்டும் பளபளவென்று பிய்ந்திருந்தது. யாரும் மேலே வருவதற்குள் அதைச் சுத்தியால் தட்டிப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். கீழே வந்து, "சிமென்ட் சரியா போடலம்மா, கொத்தனாரு ஏமாத்திட்டாரு" என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்தக் கொத்தனாரை அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆசீர் சார் தேறி வந்து, "நீங்க மட்டும்தான் அன்னைக்கே வந்து பாத்தீங்க" என்று எனக்கு கேக் அனுப்ப ஆரம்பித்தார். நீ அதைச் சாப்பிட்டிருக்கிறாய். நானும் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கொக்கி இன்னும் கடையில் ராடு டப்பாவின் அடியில் கிடக்கிறது. தூக்கிப் போடவும் முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. நேற்று மதியம் நான் கூண்டைப் பார்க்கப் போனது மனசாட்சி குத்தி இல்லை. உன் தப்பைப் பிடிக்கத்தான் போனேன். உன் ஓட்டைகளால் எந்த மூட்டாவது விட்டிருந்தால், அதைப் போட்டோ எடுத்து, 'பார்டா இஞ்சினியரே' என்று உனக்கு அனுப்ப வேண்டும் என்ற வெறியில் போனேன். உன் அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். போன் வெளிச்சத்தை அடித்து, கண்ணாடியைக் கூரைக்கும் பைப்புக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தேன். நீ ஓட்டை போட்ட பைப்பில் ஒன்றும் இல்லை. உன் தலைக்கு மேலே, வலது பக்கம், பெரிய வளைவில் பைப் சேருகிற இடத்தில், வெள்ளைப் பெயின்டில் முடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் தட்டினேன். பட்டி பொலபொலவென்று கொட்டியது. அந்தக் கண்ணாடியில் முதலில் தெரிந்தது விரிசல், அடுத்து தெரிந்தது என் மூஞ்சி. அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். நீ பிராக்டிஸ் என்று இரண்டு தடவை அந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டியிருக்கிறாய். ஒவ்வொரு வளைவிலும் வண்டி முறுக்கியதில் பட்டி வெடித்திருக்கிறது. ஒரு தடவை கவிழ்ந்திருந்தால் என்ன என்று என்னால் எழுத முடியாது. நீயே யோசித்துக்கொள்.

உடனே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். 'பரவாயில்லப்பா, மேல ரெண்டு புள்ளி வச்சிடுங்க, ஞாயித்துக்கிழம மட்டும் ஓட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்' என்பாய். நானும் வைத்துவிடுவேன். அதுதான் என் பயம். உன் ஆசையையும் தெரியும், என் கையையும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் அந்தக் கார் ஞாயிற்றுக்கிழமை ஓடும். அதனால்தான் யாரையும் கேட்காமல் அறுத்தேன். அறுக்கும்போது உன் அம்மா ஓடிவந்து, "இன்னாங்க, புள்ள வருஷம் பூரா ஒழச்ச வண்டிங்க" என்று கையைப் பிடித்தாள். மெஷினை நிறுத்தவில்லை.

இனி உன் பங்கு. நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. உன் அம்மா கேக் செய்கிற தராசில் ஒவ்வொரு போல்ட்டையும் வைத்து நிறுத்தாய். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாலே, "இவ்ளோதான்பா முறுக்கணும்" என்று அளவு பார்த்தாய். ஏசி கம்பெனிக்காரன், டயர்க்காரன், எஞ்சின் பார்த்தவன் எல்லோரையும் கேள்வி கேட்டுக் குடைந்தாய். உன் தலைக்கு மேலே இருக்கிற நான்கு மூட்டுகளை மட்டும் ஒரு தடவை கையால் தடவிவிட்டு விட்டுவிட்டாய். ஏன்? அப்பா செய்தது. என்னைக் கேட் வெல்டர் என்று வாயால் சொன்னவன், அந்தக் கேட் வெல்டர் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாய். இதில் எதற்கு நான் கோபப்படுவது என்றே எனக்குப் புரியவில்லை. நீ அவமானப்படுத்தியதைவிட நீ நம்பியதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது. சிவப்புப் பேனாவால் 'முழுச் சுற்று' என்று எழுதியவன், முழுச் சுற்று இருக்கிறதா என்று ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டாமா? இனிமேல் அப்பன் செய்தாலும் பார். உன் பிள்ளை நாளைக்குச் செய்தாலும் பார். பார்த்தால் மரியாதைக் குறைவு என்று எவனாவது முகத்தைத் தூக்கினால், அவன் செய்த வேலையை இரண்டு தடவை பார்.

அந்த ஓட்டைகளும் தப்புதான். என் தப்பு பெரிதாகிவிட்டதால் உன் தப்பு சரியாகிவிடாது. கழற்றக் கூடாததைக் கழற்றுகிற புத்தி உனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே இருக்கிறது. அன்றைக்கு பிரேக், இன்றைக்கு கூண்டு. வண்டியில் உனக்காக எது இருக்கிறது, வேகத்துக்காக எது இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் தராசில் வைக்கிறாய். அடுத்த மாதம் கல்யாணம். ஷீலா உன்னிடம் ஏதாவது கேட்டால் யானைக் கதை சொல்லாதே. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். செய்யாவிட்டால் செய்யவில்லை என்று சொல். அவள் கோபப்படுவாள், இரண்டு நாள் பேச மாட்டாள், அதைத் தாங்கிக்கொள்ளலாம். நான் இத்தனை வருஷமாக ஒரு கேக்கைத் தாங்க முடியாமல் தவிக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது அவளிடம் முதலில் நானே வாயால் சொல்லிவிடுவேன்.

அறுத்த துண்டை உன் சீட்டில் வைத்திருக்கிறேன். வந்ததும் கத்துவதற்கு முன்னால் அதைக் கையில் எடு. கீழ்ப்பக்கம் தடவிப் பார், நல்ல வேலை, நானே சொல்லக் கூடாது. அப்புறம் திருப்பி மேல்பக்கம் தடவு. அங்கே இரும்பு இல்லை, வெளிச்சம் தெரியும். மற்ற மூன்று மூட்டும் அப்படியேதான் இருக்கின்றன, நான் தொடவில்லை, உன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விட்டிருக்கிறேன். கூண்டை மறுபடி யார் செய்வது என்பது உன் முடிவு. வேறு ஆளிடம் கொடுத்தால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். என்னிடமே கொடுத்தால், தரையை வெட்டி இறக்கித்தான் செய்வேன், நீ பக்கத்தில் கண்ணாடியோடு நிற்க வேண்டும், எடை எவ்வளவு ஏறினாலும் வாய் திறக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நீ டிராக்குக்குக் கிளம்புவதாக இருந்தாய். அந்த நேரம் இப்போது உனக்கு சும்மா கிடக்கும். ராடு டப்பாவிலிருந்து அந்தக் கொக்கியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். ஆசீர் சார் ஆராதனைக்குக் கிளம்புவதற்குள் கோவிலம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். உங்கள் குரூப்பில் அவருக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், நான் போய்ச் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். அந்தக் கொத்தனார் எங்கே இருக்கிறார் என்றும் அவரிடம்தான் கேட்க வேண்டும். பஸ்ஸில் போனால் நடுவில் எங்காவது இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் நீ பைக்கில் கூட்டிக்கொண்டு போ. மேலே வர வேண்டாம், வாசலிலேயே நில். என் மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் போகிற வழியில் கொட்டு, பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். நாலு தெருவுக்கு எதற்கு ஹெல்மெட் என்று ஒவ்வொரு தடவையும் உன்னோடு சண்டை போடுவேன் இல்லையா, இந்தத் தடவை போட மாட்டேன். இரண்டாக எடுத்துக்கொண்டு வா.

அப்பா